ஆடு பார்க்கப் போன இடத்தில்

சில வருடங்களுக்கு முன்பு, பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு முற்பகல். திருச்சுழியைத் தாண்டி நரிக்குடி போகிற பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் என்னையும் என் சித்தப்பாவையும் ஆடு திருட வந்தவர்கள் என்று பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். நாங்கள் ஆடு திருடப் போகவில்லை. ஆடு வாங்கவும் போகவில்லை. மாப்பிள்ளை விசாரிக்கப் போயிருந்தோம். மாப்பிள்ளை எனக்குத்தான்.

ஊர்ப் பெயரை எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. படித்துக்கொண்டே வந்தால் உங்களுக்கே புரியும்.

எங்கள் வீடு பாளையம்பட்டியில். பஸ் ஸ்டாப் பக்கத்தில் அப்பாவுக்கு ஒரு கடை. கயிறு, மண்வெட்டி, தார்ப்பாய், பிளாஸ்டிக் குடம் என்று காட்டுக்கும் வீட்டுக்கும் வேண்டியது எல்லாம் கிடைக்கும். டிகிரி முடித்துவிட்டு நான் அங்கேதான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து ஸ்டூலில் அக்கா. அக்கா கல்யாணமான அந்த வருடமே திரும்பி வந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் குடித்துவிட்டு எங்கே விழுந்து கிடக்கிறார் என்று தேடுவதுதான் அங்கே அவளுக்கு வேலையாக இருந்ததாம். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் விசாரித்தபோது, பையன் பச்சைத் தண்ணீர் தவிர வேறு எதையும் தொடமாட்டான் என்று அந்த ஊரே சொன்னது. விசாரித்துவிட்டு வந்து அப்படிச் சொன்னவர் எங்கள் சித்தப்பா.

எங்கள் பக்கத்தில் விசாரிப்பது என்பது ஒரு தனி நாடகம். சம்பந்தம் பேசுவதற்கு முன் பெண் வீட்டிலிருந்து இரண்டு ஆம்பளைகள் பையன் ஊருக்குப் போவார்கள். பெண் வீட்டுக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். நிலம் பார்க்க வந்தோம், ஆடு பார்க்க வந்தோம் என்பார்கள். டீக்கடையில் உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பேசி, மிளகாய் விலையைப் பற்றிப் பேசி, மெதுவாக அந்த வீட்டுப் பையன் எப்படி என்று இழுப்பார்கள். வந்திருப்பது யார் என்று டீ ஆற்றுகிறவருக்கும் தெரியும். ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கெதற்கு என்று அவரும் தங்கமான பையன் என்று சொல்லிவிடுவார். இவர்களும் அதை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் ஒப்பிப்பார்கள். அக்கா விஷயத்தில் நடந்தது அதுதான்.

அக்கா வந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் மதிய நேரத்தில் கடையில் ஆள் வராதபோது போனில் ஒரு விளையாட்டு விளையாடுவோம். ஒரு பெரிய குடியிருப்பின் வாசலில் நாம் காவலுக்கு உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே குடியிருப்பவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். அவர்களைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு போலிகளும் வருவார்கள். காது ஒரு நூல் இறங்கியிருக்கும், மூக்குக் கண்ணாடி வேறாக இருக்கும், இல்லையென்றால் கேட்ட கேள்விக்குப் பதில் லேசாகப் பிசகும். போலியை உள்ளே விட்டால் அன்றைக்கு அந்தக் கட்டிடத்தில் ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள். நான் நன்றாகவே விளையாடுவேன். அக்கா தோற்றதே இல்லை. ஏனென்றால் அவள் யாரையும் உள்ளே விடமாட்டாள். நிஜமான ஆளைத் திருப்பி அனுப்பினால் மார்க் குறையும் என்று சொன்னால், "குறைஞ்சாக் குறைஞ்சுட்டுப் போகுது. உசுரு இருக்குல்ல?" என்பாள்.

அந்த விளையாட்டு தந்த தைரியமோ என்னவோ, தரகர் மூலமாக எனக்கு ஒரு வரன் வந்து, ஜாதகம் பொருந்தி, போட்டோ மாற்றிக்கொண்டு, சித்தப்பா விசாரிக்கக் கிளம்பியபோது, நானும் வருவேன் என்று நின்றேன். வீட்டில் ஒரே கூப்பாடு. பெண்ணே போய் மாப்பிள்ளையை விசாரித்தாள் என்று தெரிந்தால் நாலு பேர் காறித் துப்புவார்கள் என்றார் அப்பா. அக்கா மட்டும், "போன தடவை ஆம்பளைக போயி என்னத்தக் கிழிச்சீக?" என்று கேட்டாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

சித்தப்பாவின் மகள் என்று என்னைச் சொல்லிக்கொள்வது என்று முடிவானது. வெயிலுக்கு முகத்தில் மாஸ்க், தலையைச் சுற்றி துப்பட்டா, கண் மட்டும் வெளியே. பைக்கில் போகிற பெண்கள் எல்லோரும் எங்கள் பக்கம் அப்படித்தான் போவார்கள், யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். கோயிலுக்குக் கிடா வெட்டு நேர்ந்திருக்கிறோம், நல்ல கிடா பார்க்க வந்தோம் என்பது எங்கள் கதை. அதைக் கட்டியவர் சித்தப்பா. அவர் பாளையம்பட்டியில் ரெடிமேட் ஜவுளி விற்கிறவர். ஆட்டுக்கும் அவருக்கும் உள்ள உறவு ஞாயிற்றுக்கிழமை கறியோடு சரி.

அந்த ஊருக்குள் நுழைந்தபோது எல்லாம் நன்றாகத்தான் போனது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவில் காய்ந்துபோன கண்மாய், கரைமேல் ஒரு டீக்கடை. சித்தப்பா டீ சொன்னார், நான் தள்ளி நின்றேன். மழை, மிளகாய், நூறு நாள் வேலை என்று ஒரு சுற்று வந்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டைப் பற்றிப் பொத்தாம்பொதுவாக எடுத்துவிட்டார். ஆடு நிறைய வைத்திருக்கிற வீடாமே என்று.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அந்த வீட்டு இளைய மகனைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னார். பீடி சிகரெட் கிடையாது. குடி கிடையாது. ஊரில் ஒரு நல்லது கெட்டது என்றால் முதல் ஆளாக நிற்பான். "போன வருசம் அவுக அம்மா கிணத்தடில வழுக்கி விழுந்து கை முறிஞ்சு போச்சு. குழந்தையத் தூக்குற மாதிரித் தூக்கிட்டு மதுரைக்கு ஓடுனான்ல. பத்தியச் சோறு ஊட்டுனதே அவன்தான். அந்த மாதிரிப் புள்ளைய எங்க பாப்பீக?" என்றார்.

எனக்கு அது பிடித்திருந்தது என்று சொல்வதற்கு வெட்கப்படவில்லை. அம்மாவுக்குச் சோறு ஊட்டிய பையன் என்றதும் மனதுக்குள் ஒரு பாதி சரி என்று ஆகிவிட்டது. கிளம்பியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மீசைக்காரர் எழுந்து, கிடா என்னிடமே இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார்.

சித்தப்பா மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? போனோம். ஆட்டுக் கொட்டகையில் கருப்பும் செவலையுமாக ஐந்தாறு கிடாக்கள். ஆடு பார்க்கிறவர் என்றால் முதலில் முதுகுத்தண்டில் கையை வைத்து அமுக்கிப் பார்க்க வேண்டும், கறி எவ்வளவு தேறும் என்று சொல்ல வேண்டும். சித்தப்பா புதுப் புடவையைத் தடவுவது போல ஆட்டைத் தடவினார். மீசைக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பல்லப் பாருங்கண்ணே" என்றார்.

சித்தப்பா கிடாவின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார். பார்த்தவர் முகம் மாறிவிட்டது. ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் போல. நிமிர்ந்து, கொஞ்சம் கறாராகவே, "என்னங்க இது, மேல் வரிசைப் பல்லு பூராம் கொட்டிப் போச்சே. கெழட்டு ஆட்டத் தள்ளிவிடப் பாக்குறீகளா?" என்றார்.

ஆட்டுக்கு மேல் வரிசையில் முன்பல்லே கிடையாது. எந்த ஆட்டுக்கும் கிடையாது. அந்தப் பக்கம் நடக்கப் பழகுகிற குழந்தைக்குக்கூட அது தெரியும். எனக்குத் தெரியாது, நானும் சித்தப்பா பக்கம் நியாயம் என்றுதான் நின்றேன்.

மீசைக்காரர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எங்களுக்கு உயிர் வந்திருக்கும். வெளியே பார்த்து, "ஏலே, இவுக வண்டிச் சாவிய எடுங்கடா" என்றார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தச் சுற்று வட்டாரத்தில் ஆடு களவு போய்க்கொண்டிருந்தது. பைக்கில் ஆணும் பெண்ணுமாக வருகிறார்களாம். கிடா வாங்குகிறவர்கள் போல விசாரித்து, எந்த வீட்டில் எத்தனை ஆடு என்று பார்த்துவிட்டுப் போய், அப்புறம் வந்து தூக்கிவிடுகிறார்களாம். ஆட்டை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்து மேலே சேலையைப் போர்த்திக்கொண்டு போய்விடுகிறார்களாம். விசாரிக்க வந்த சம்பந்தக்காரர்கள் என்று அந்த ஊருக்கு ஏன் தோன்றவில்லை என்றால், என்னால்தான். மாப்பிள்ளை விசாரிக்க யாராவது பொம்பளைப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்களா?

நிமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது. சித்தப்பாவின் சட்டையை ஒருவர் பிடித்தார். இன்னொருவர் எங்கள் இரண்டு பேரையும் போனில் படம் எடுத்து எந்தெந்த குரூப்புக்கோ அனுப்பினார். எந்த ஊர், யார் வீட்டு ஆள் என்று நாலு பக்கமிருந்தும் கேள்வி. பாளையம்பட்டியை மறைத்து, பக்கத்தில் இருக்கும் அருப்புக்கோட்டையைச் சொன்னார் சித்தப்பா. அருப்புக்கோட்டையில் எங்கே என்றார்கள். வாய் குழறியது. உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அடி வாங்கினாலும் வாங்குவேன், பெண்ணே மாப்பிள்ளை பார்க்க வந்தாள் என்ற பேச்சை வாங்க மாட்டேன் என்பது அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம். யாராவது ஒருவர் முதல் அடியைப் போட்டுவிட்டால் அதன் பிறகு யார் கையும் நிற்காது என்று நன்றாகத் தெரிந்தது.

அப்போதுதான் அவர் வந்தார். போட்டோவில் பார்த்த மாப்பிள்ளை முகம் என்பதால் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பைக்கை நிறுத்திவிட்டு நேராக வந்து, சித்தப்பாவின் சட்டையைப் பிடித்திருந்த கையைத் தட்டிவிட்டார்.

"யாரும் கை வைக்கக் கூடாது சொல்லிட்டேன். தப்புப் பண்ணியிருந்தா ஸ்டேசன்ல பாத்துக்கிருவாக. பொம்பளப் புள்ளையச் சுத்தி எதுக்குய்யா நிக்கிறீக? தள்ளி நில்லுங்க" என்றார்.

கூட்டம் நிஜமாகவே தள்ளி நின்றது. சித்தப்பாவை ஒரு கட்டிலில் உட்கார வைத்து சோடா வாங்கிக் கொடுத்தார். பெண்களைக் கூப்பிட்டு என்னை நிழலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அவர் வீட்டு ஆடும் இரண்டு களவு போயிருந்ததாம், அப்படியும் குரலை உயர்த்தவில்லை. திருடி என்று நினைக்கிற பெண்ணிடமே இப்படி நடந்துகொள்கிறவர், கட்டிக்கொண்ட பெண்ணிடம் எப்படி நடந்துகொள்வார் என்று நினைத்தேன். அந்த நிலைமையிலும் அப்படி ஒரு நினைப்பு. காது, மூக்கு, பேச்சு எல்லாம் பார்த்தாகிவிட்டது, எங்கேயும் ஒரு பிசகு இல்லை. சித்தப்பாவோ பயத்தையும் மறந்து என்னைப் பார்த்துப் பெருமையாகக் கண்ணடித்தார்.

என்னைப் பூட்டிக் கிடந்த ரேஷன் கடை நிழலுக்குக் கூட்டிப்போனார்கள். நாலைந்து பெண்கள். அதில் ஒருவர் என் கைப்பையை வாங்கிக் குடைந்தார். சீப்பு, தண்ணீர் பாட்டில், போன். போனை யாரோ தொட, கடையிலிருந்து கிளம்பும்போது பாதியில் விட்டிருந்த விளையாட்டு திறந்துகொண்டது. வரிசையாக முகங்கள். சில முகங்கள்மேல் சிவப்புக் கோடு. அதைப் பார்த்ததும் அந்த அம்மா போனைத் தூக்கிக் காட்டி அலறிவிட்டார்.

"ஆத்தி! இங்க பாருங்கடி, ஆள் ஆளா படம் பிடிச்சு வச்சிருக்கா! கோடு போட்டிருக்கிற ஆளையெல்லாம் என்னடி பண்ணுனீக?"

இது விளையாட்டு என்று சொன்னேன். வாசலில் உட்கார்ந்து யார் நல்லவர், யார் போலி என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் போல இருந்தது. ஆடு திருட வந்தவள் யார் போலி என்று கண்டுபிடிப்பதைப் பற்றி வகுப்பு எடுக்கிறாள் என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாஸ்க்குக்குள் மூச்சு முட்டியது.

அப்போது, ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவராக இருப்பார். மாப்பிள்ளையுடைய அண்ணன் மனைவி என்பது அவரை மற்றவர்கள் கூப்பிட்டுப் பேசியதிலிருந்து எனக்குத் தெரிந்திருந்தது. "மயக்கம் போட்டுத் தொலைஞ்சான்னா நமக்குத்தான் வம்பு. மூஞ்சியக் கழுவிக் கூட்டியாறேன்" என்று சொல்லி, என் கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குக் கூட்டிப்போனார்.

மாஸ்க்கை எடுத்துவிட்டுத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமியாருக்குப் போன் பார்க்கத் தெரியாது என்பதால், வந்த வரன்களின் போட்டோவை எல்லாம் காட்டுவது அவர்தானாம். அதைத் தரகர் முன்பே சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் கேட்டது ஒன்றுதான்.

"பாளையம்பட்டியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மூடி மறைக்கத் தெம்பு இல்லை. ஊரைக் கூட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கடைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார். அடியில் இருந்த குடத்தில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவில் அவர் பேசியது எனக்கு மட்டும்தான் கேட்டது.

"டீக்கடைல அத்தை கைய முறிச்சுக்கிட்ட கதையச் சொன்னாகளா?"

"சொன்னாக. அவர்தான் தூக்கிட்டு ஓடுனாராமே."

"தூக்கிட்டு ஓடுனது நெசந்தான். முறிச்சதும் அவருதான். மோட்டார நிப்பாட்ட மறந்துட்டாகன்னு. வெளிய நீங்க பாத்தீகள்ல, அதே ஆளு. வீட்டுக்குள்ள வேற. நான் சொன்னேன்னு வெளிய வந்துச்சுன்னா, எனக்கு இந்த ஊர்ல வாழ்க்கை இல்ல. என்ன செய்யணுமோ செஞ்சுக்கிருங்க."

அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை, கையைப் பிடிக்கவில்லை, உருகவில்லை. பால்காரர் வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அந்த நேரத்தில் கடைக்கு முன்பக்கமிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது. தண்ணீர் குடித்தாகிவிட்டதா, பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள் மதினி என்று, இதமாகத்தான் கேட்டார். அந்தக் குரல் கேட்டதும் இவர் குழாயை மூடிய வேகத்தைப் பார்த்தேன். சொன்னது அத்தனையும் உண்மை என்பதற்கு வேறு சாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"மூஞ்சிய மூடுங்க" என்றார். மூடினேன். என்னை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் போய், அடியோடு வேறு ஆளாக மாறி, சத்தமாகச் சிரித்தார்.

"அட, இவுக எங்க அம்மா ஊருப் பக்கத்து ஆளுகப்பா! பரளச்சிப் பக்கம். இப்ப அருப்புக்கோட்டைல இருக்காக. மூஞ்சிய மூடிக்கிட்டு இருந்தா எனக்கு எப்படித் தெரியும்? இவுக அப்பா ஜவுளிக்கடை வச்சிருக்காரு, அவருக்கு ஆட்டப் பத்தி என்ன தெரியும் பாவம்."

சித்தப்பாவின் கடை ஜவுளிக்கடை என்பது தரகர் சொல்லி அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். மீசைக்காரர் முகத்தைச் சுளித்தார். வீட்டு மருமகள் தன் அம்மா ஊர்க்காரர்கள் என்று சொல்லும்போது அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? கொஞ்ச நேரத்தில் அதே கூட்டம் மேல் வரிசைப் பல் கதையைச் சொல்லிச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தது. சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவர் கண்ணில் நிற்காமல் தண்ணீர் வந்தது, சிரிப்பினாலா வேறெதனாலா என்று தெரியவில்லை.

வண்டிச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தவர் மாப்பிள்ளைதான். "மனசுல எதுவும் வச்சுக்கிராதீகண்ணே, களவு போன வயித்தெரிச்சல்ல பேசிட்டாக" என்றார். என் பக்கமும் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். நான் அவர் கையை மட்டும் பார்த்தேன். நகம் வெட்டி, சுத்தமாக, சாதாரணக் கையாகத்தான் இருந்தது.

திரும்பி வரும் வழி முழுவதும் சித்தப்பா பாட்டுப் பாடாத குறை. ஆயிரம் பேரை விசாரித்தாலும் இப்படி ஒரு பையன் கிடைக்க மாட்டான், என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன், அக்கா விஷயத்தில் பட்ட அவமானம் இன்றைக்குத்தான் தீர்ந்தது என்றார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்லலாமா என்று திருச்சுழி வரைக்கும் யோசித்தேன். சித்தப்பா நல்லவர், ஆனால் வாயில் ஒன்றும் நிற்காது. அவர் அப்பாவிடம் சொல்வார், அப்பா தரகரிடம் எகிறுவார், தரகர் நேராக அந்த வீட்டில் போய்க் கேட்பார். யார் சொன்னது என்று அந்த வீட்டில் ஒரு கேள்வி எழுந்தால், பதில் தேட ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, என்னை ஆடு திருடி என்று சொன்ன ஊரில் நான் வாக்கப்பட மாட்டேன் என்றேன். அந்த ஊர் ஆம்பளைகள் முன்னால் இன்னொரு தடவை நிற்க மாட்டேன் என்றேன். அதுதான் காரணம் என்று சாதித்தேன். அப்பா முதலில் சிரித்தார், பிறகு கெஞ்சினார், பிறகு கத்தினார். இவ்வளவு திமிர் பிடித்த பிள்ளைக்கு இனி எந்த வரனும் பார்க்க மாட்டேன் என்றார். சித்தப்பா ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் என்னைப் பார்த்து மேமே என்று கத்திச் சிரிப்பார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஒரு வார்த்தையில் எல்லோர் வாயையும் அடைத்துவிடலாம், அந்த வார்த்தை என்னுடையது இல்லையே.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கயிற்றுச் சுருளைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்புறம், "எனக்கு ஒருத்தி இப்படிச் சொல்லலையேடி" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்கு அதற்குப் பிறகு வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் சாதாரண மனிதர். கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார், அவ்வளவுதான். சித்தப்பாவும் சமாதானமாகிவிட்டார். ஆனால் அந்தப் பையனைத் தவறவிட்ட வருத்தம் மட்டும் அவருக்கு இன்னும் தீரவில்லை. அந்த மாப்பிள்ளைக்கு இதுவரை கல்யாணம் ஆகவில்லையாம். எத்தனையோ வரன் வருகிறதாம், பெண் வீட்டார் வந்து பார்த்துப் பூரித்துப் போகிறார்களாம், ஊருக்குத் திரும்பிய பிறகு ஏதாவது ஒரு சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துவிடுகிறார்களாம். என்ன தோஷமோ என்று பையனுடைய அம்மா கோயில் கோயிலாகப் பரிகாரம் செய்கிறாராம். "தங்கமான பையனுக்கு எந்தக் கிரகம் குறுக்க நிக்கிதுன்னு தெரியல" என்று சித்தப்பா சொன்னபோது, எனக்கு அந்தக் குழாயடி ஞாபகம் வந்தது. வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே, ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் எப்படித்தான் சேதி சொல்லி அனுப்புகிறாரோ.

போன வருடம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கூட வயதான ஒரு அம்மா, ஒரு கையை நீட்ட முடியாமல் மடித்தபடியே வைத்திருந்தார். நான் இந்த முறை முகத்தை மூடியிருக்கவில்லை. அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்து, "இந்தப் புள்ளைய எங்கயோ பாத்த மாதிரி இருக்கே" என்றார். இவர் என்னை ஏறெடுத்தும் பார்க்காமல், "டவுனுக்கு வந்தா எல்லாரும் பாத்த மூஞ்சியாத்தான் இருக்கும் அத்தை. பஸ்ஸு வந்துருச்சு, படி பாத்து ஏறுங்க" என்று அவரை அணைத்து ஏற்றிவிட்டார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நின்ற இடத்திலேயே நின்றேன். பஸ் கிளம்பியபோது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்ப்பாரோ என்று ஒரு ஆசை. பார்க்கவில்லை.

என் வாழ்க்கையையே எடுத்துக் கையில் கொடுத்தவருக்கு ஒரு நன்றி சொல்லக்கூட எனக்கு வழியில்லை; எங்கே கண்டாலும் யாரோ எவரோ என்று கடந்து போவதுதான் நான் அவருக்குச் செய்யக்கூடிய ஒரே கைம்மாறு.